தண்ணீரில் மூழ்கினாலும் சாகாத நெல்!

பத்து நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது.

வரப்பு தெரிந்தது. வரப்பின் மேல் வந்து நின்ற விவசாயி வயலைப் பார்த்தார். பயிர் இல்லை. பழுப்பு நிறத்தில் அழுகிய தாள்கள் சேற்றோடு சேறாக ஒட்டிக் கிடந்தன. நாற்றம் வீசியது.

கடன் வாங்கி நட்ட பயிர். மறுபடியும் நட நாற்று இல்லை. நாற்று கிடைத்தாலும் பருவம் இல்லை.

ஒடிசா மாநிலத்தின் கடலோர மாவட்டங்களில் இது பழகிப்போன காட்சி. அங்கே பத்ரக், பாலசோர் என்று இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. பத்ரக் பக்கம் ஓடும் ஒரு ஆற்றின் பெயர் வைதரணி. யமலோகத்தில் ஓடுவதாகப் புராணம் சொல்லும் ஆற்றின் பெயரும் அதுதான்! மழைக்காலத்தில் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒடிசாவில் பெரிய வெள்ளம் வந்தது. வயல்கள் மூழ்கின. வழக்கம்போல் பயிர்கள் அழுகின.

ஆனால் அந்த ஆண்டு ஒரு புதுமை நடந்தது. சில கிராமங்களில், சில வயல்களில் மட்டும், செத்துப்போனதாக நினைத்த பயிர் மறுபடியும் குருத்து விட்டது. சேற்றுக்குள்ளிருந்து பச்சை தலைகாட்டியது. கார்த்திகையில் கதிர் சாய்ந்தது!

அதே மழை. அதே வெள்ளம். பக்கத்துப் பக்கத்து வயல். ஒன்று அழுகியது, ஒன்று பிழைத்தது. உழவில் வித்தியாசம் இல்லை. உரத்திலும் இல்லை. வித்தியாசம் விதையில் இருந்தது.

நெல் எப்படித் தண்ணீரில் சாகும்?

நெல் தண்ணீரில் வளரும் பயிர்தானே, அது தண்ணீரில் எப்படிச் சாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நெல்லின் கால் தண்ணீரில் இருக்கலாம். தலை வெளியே இருக்க வேண்டும். இலை வழியாக இறங்கும் காற்று, தண்டுக்குள் இருக்கும் மெல்லிய துளைகள் வழியே வேருக்குப் போகிறது. குளத்தில் மூழ்கிக் குளிப்பவன் தாமரைத் தண்டை வாயில் வைத்து மூச்சு விடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

நுனி இலையும் மூழ்கிவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது. பிராண வாயு இல்லை. கலங்கல் தண்ணீர் என்பதால் வெயிலும் இல்லை. வெயில் இல்லாவிட்டால் இலையில் உணவு தயாராகாது.

அப்போது நெல் என்ன செய்கிறது? பதறுகிறது!

தண்ணீருக்கு மேலே எப்படியாவது தலையைத் தூக்க வேண்டும் என்று விறுவிறுவென்று நீளுகிறது. தண்டில் சேமித்து வைத்திருந்த சர்க்கரை, மாவுச்சத்து எல்லாவற்றையும் இதற்கே செலவழித்துவிடுகிறது. ஒரு வாரத்தில் கையிருப்பு காலி. தண்ணீர் வடியும்போது பயிர் நூல் போல மெலிந்து, நிற்கத் தெம்பில்லாமல் சாய்கிறது. பிறகு அழுகல்தான்.

பிழைத்த நெல் நேர்மாறாக நடந்துகொள்கிறது. மூழ்கியதும் அது வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. நீளுவதில்லை. சேமிப்பைத் தொடுவதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடக்கிறது. இரண்டு வாரம் வரை இப்படிக் கிடக்கும். தண்ணீர் வடிந்ததும், மிச்சம் வைத்திருந்த சத்தைக் கொண்டு புதுக் குருத்து விடுகிறது.

இன்னொரு வகை நெல்லும் உலகத்தில் உண்டு. வங்காளதேசத்திலும் தாய்லாந்திலும் மாதக்கணக்கில் வெள்ளம் நிற்கும் பள்ளங்களில் அதை விதைக்கிறார்கள். தண்ணீர் ஏற ஏற அந்த நெல்லும் ஏறும். ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கூட வளரும். படகில் போய் அறுப்பார்கள். அது ஓடிப் பிழைக்கும் நெல். திடீரென்று வந்து பத்து நாளில் வடியும் வெள்ளத்துக்கு அது உதவாது. தண்ணீர் போனபின் அந்த நீளத் தாள் எதன்மேல் சாய்ந்து நிற்கும்?

தளபுட்டியா என்ற பழைய நெல்

மூச்சைப் பிடித்துக் கிடக்கும் இந்த வித்தையை விஞ்ஞானிகள் உண்டாக்கவில்லை. அது ஒடிசாவின் பள்ளக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த வித்தை. தளபுட்டியா என்று ஒரு நாட்டு நெல். எந்த நெல் மூழ்கிப் பிழைத்ததோ, அந்த நெல்லை எடுத்து அடுத்த ஆண்டு விதைத்தார்கள் அங்கிருந்த குடியானவர்கள். அவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களா என்பது வேறு விஷயம். அவர்கள் செய்ததுதான் முதல் ஆராய்ச்சி.

அந்தத் தளபுட்டியாவிலிருந்து ஒரு தூய வழியைப் பொறுக்கி எடுத்து, "எப்.ஆர்.13ஏ" என்று பெயர் வைத்தார்கள். வெள்ளம் தாங்கும் நெல் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்கள்தான் எப்.ஆர்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உலகத்தில் உள்ள நெல் விதைகளைச் சேகரித்துக் குளிர் அறையில் வைத்திருக்கிறார்கள். 1970-களில் அங்கே பல நாட்டு நெல்களைத் தொட்டியில் நட்டு, தண்ணீரில் மூழ்கடித்துப் பார்த்தார்கள். தாங்கி நின்றவற்றில் முதல் வரிசையில் இருந்தது இந்த ஒடிசா நெல்.

சரி, அதையே எல்லோரும் விதைத்துவிட்டால் போகிறது என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். எப்.ஆர்.13ஏ உயரமாக வளரும். விளைச்சல் குறைவு. வெள்ளம் வராத ஆண்டில் அதை நட்டவருக்கு நஷ்டம்.

அதையும் நல்ல விளைச்சல் தரும் நெல்லையும் சேர்த்து ஒட்டு ரகங்கள் உண்டாக்கினார்கள். அவை வெள்ளத்தைத் தாங்கின. ஆனால் விவசாயிகளுக்குப் பிடிக்கவில்லை. அரிசி நன்றாக இல்லாவிட்டால் சந்தையில் யார் வாங்குவார்கள்? வீட்டில் யார் சாப்பிடுவார்கள்? பயிர் பிழைப்பது மட்டும் போதாது, சோறும் நன்றாக இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தாமதமாகத்தான் எட்டியது.

ஒரே ஒரு மரபணு

எப்.ஆர்.13ஏ நெல்லின் வித்தை உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடினார்கள்.

ஒவ்வொரு உயிருக்கும் அது எப்படி வளர வேண்டும் என்ற குறிப்பு அதன் உடம்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. தாயின் மூக்கு மகளுக்கு வருவது இந்தக் குறிப்பினால்தான். குறிப்பின் ஒரு வரியை மரபணு என்கிறார்கள். நெல்லுக்குள் பல்லாயிரம் மரபணுக்கள் உண்டு. அவை 12 குரோமோசோம்களில், அதாவது 12 இழைகளில், கோத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

1996-இல் டேவிட் மக்கில், கெனாங் ஷூ என்ற இருவர், வெள்ளம் தாங்கும் வித்தை 9-ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பமீலா ரொனால்ட் என்ற பெண் விஞ்ஞானியும் சேர்ந்துகொண்டார். இன்னும் பத்து ஆண்டு தேடல். 2006-இல் மரபணு கையில் சிக்கியது. "சப்1ஏ" என்று பெயர். நெல் மூழ்கியதும், "நீளாதே, பொறு" என்று கட்டளை போடுவது இந்த ஒன்றுதான்.

இடம் தெரிந்தபின் வேலை சுலபமாயிற்று. விவசாயிகளுக்குப் பிடித்த ரகத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆந்திரத்தின் மாருடேரு ஆராய்ச்சிப் பண்ணையில் பிறந்த "ஸ்வர்ணா" என்ற நெல் அது. கிழக்கு இந்தியா முழுவதும் லட்சக்கணக்கான ஏக்கரில் விளைவது. அதன் பூவில், வெள்ளம் தாங்கும் நெல்லின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். பிறந்த கன்றுகளை மீண்டும் மீண்டும் ஸ்வர்ணாவோடேயே சேர்த்தார்கள்.

எந்தக் கன்றில் சப்1ஏ இருக்கிறது என்று அறிய வெள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இலையில் ஒரு துண்டு கிள்ளிச் சோதித்தால் போதும். சப்1ஏ உள்ள கன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினார்கள். சில ஆண்டுகளில் புதுநெல் பிறந்தது. எல்லா விதத்திலும் ஸ்வர்ணா. வெள்ளம் வந்தால் மட்டும் தளபுட்டியா!

இது வேறு உயிரின் மரபணுவை வெட்டி ஒட்டிய பயிர் அல்ல. நெல்லோடு நெல்லைச் சேர்த்து உண்டானது.

2009-இல் "ஸ்வர்ணா சப்1" என்ற பெயரில் இந்தியாவில் வெளியிடப்பட்டது. சோறு மாறவில்லை. அரிசி விலை மாறவில்லை. வயதும் ஏறக்குறைய அதுவே.

ஐந்து கிலோ பை

ஆராய்ச்சிப் பண்ணையில் விளைவது வேறு. ஏழையின் வயலில் விளைவது வேறு. ஆகவே பொருளாதார நிபுணர்கள் சிலர் 2011-இல் ஒடிசாவின் 128 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். சீட்டுக் குலுக்குவது போல் பாதிக் கிராமங்களைத் தேர்ந்து, அங்கே சில விவசாயிகளுக்கு ஆளுக்கு 5 கிலோ ஸ்வர்ணா சப்1 விதை கொடுத்தார்கள். மற்றவர்கள் வழக்கமான நெல்லை நட்டார்கள்.

அந்தச் செப்டம்பரில்தான் வெள்ளம் வந்தது.

கணக்குப் பார்த்தார்கள். பத்து நாள் மூழ்கிய வயலில், பழைய ரகத்தை விடப் புது விதை 45 சதவீதம் அதிகம் விளைந்தது. மூழ்காத வயலில் இரண்டும் சமம். அதாவது, வெள்ளம் வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டம் இல்லை.

இன்னொன்றும் அந்தக் கணக்கில் தெரிந்தது. ஊரில் மேட்டு நிலம் யாரிடம் இருக்கும்? வசதியானவர்களிடம். தண்ணீர் தேங்கும் பள்ளம் யாரிடம் இருக்கும்? தாழ்த்தப்பட்ட மக்களிடம். இது ஒடிசாவில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. முதலில் மூழ்குவதும் கடைசியில் வடிவதும் அந்த நிலம்தான். அதனால் இந்த விதையால் அதிகப் பலன் அவர்களுக்கே கிடைத்தது. ஊரில் புதிதாக எது வந்தாலும் முதல் பங்கு பெரிய வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். இந்த ஒன்றில் கணக்கு மாறியது.

அடுத்த ஆண்டுகளில் இன்னொரு மாறுதல் வந்தது. இந்த விதை வைத்திருந்தவர்கள் முன்பை விட அதிக உரம் போட்டார்கள். கைவிதைப்பை விட்டு நடவு நட்டார்கள். சாகுபடிப் பரப்பைக் கூட்டினார்கள். கடன் வாங்கவும் துணிந்தார்கள்.

ஏன்? எப்படியும் மூழ்கப்போகிற வயலில் யார் பணத்தைக் கொட்டுவார்? பத்து மூட்டை உரம் வாங்க வேண்டிய இடத்தில் நான்கு வாங்குவார். நல்ல மழை பெய்த ஆண்டிலும் பயத்தினால் விளைச்சல் குறையும். வெள்ளம் வந்து கெடுத்தது பாதி, வருமோ என்ற பயம் கெடுத்தது பாதி. விதையின் மேல் நம்பிக்கை வந்ததும் கை தாராளமாயிற்று.

எல்லா வெள்ளத்துக்கும் மருந்து அல்ல

இதைக் கேட்டதும், இனி எந்த வெள்ளத்துக்கும் பயமில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் முழுதும் மூழ்கினால் இதுவும் சாகும். தண்ணீர் மிகவும் கலங்கலாகவும் சூடாகவும் இருந்தால் இன்னும் சீக்கிரம் சாகும். விதைத்து முளைக்கும்போதே மூழ்கினால் சப்1ஏ உதவாது. கடல் நீர் ஏறி உப்பு அடித்தாலும் உதவாது. கதிர் முற்றிய பிறகு மழை அடித்துப் பயிர் சாய்ந்தாலும் உதவாது.

கடைசியில் சொன்னது தமிழ்நாட்டுக்குத் தெரிந்த கஷ்டம். 2021 ஜனவரியில், அறுவடைக்கு நின்ற சம்பா நெல் காவிரி டெல்டாவில் மழையில் சாய்ந்தது. வயலிலேயே கதிரில் முளை விட்டது. அதற்கு எந்தச் சப்1-உம் காவல் இல்லை. வடிகால் வாய்க்காலைத் தூர் வாருவதற்குப் பதிலாக விதைப் பையைக் காட்டி யாரும் தப்பிக்க முடியாது.

ஆனாலும் காலம் மாறி வருகிறது. பூமி சூடாகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். அந்த ஈரம் கொட்டும்போது கொத்தாகக் கொட்டும். ஒரு மாத மழை இரண்டு நாளில் பெய்யும். பிறகு ஒரு மாதம் வானம் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட காலத்தில், பத்து நாள் தாங்கும் பயிருக்கும் மூன்றே நாளில் வாடும் பயிருக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குடும்பத்தின் ஒரு வருடச் சாப்பாடு.

கட்டாக்கிலிருந்து தஞ்சைக்கு

ஒடிசாவுக்கும் தஞ்சைக்கும் நெல்லில் பழைய உறவு உண்டு. கீழ்த்தஞ்சையில் சம்பாவுக்கு நடும் சி.ஆர்.1009 என்ற ரகம் எல்லோருக்கும் தெரியும். பொன்மணி என்பார்கள். இட்லிக்கு நல்ல அரிசி. அந்தச் "சி.ஆர்." என்பதில் உள்ள முதல் எழுத்து கட்டாக் நகரத்தைக் குறிக்கும்! ஒடிசாவின் கட்டாக்கில் 1946-இல் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த நெல் அது.

நீண்ட வயதுள்ள நெல். ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். புரட்டாசியில் நட்டால், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இளம்பயிராக மாட்டிக்கொள்ளும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் டெல்டா வெள்ளக்காடானபோது இதுதான் நடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கத்துக் கடைமடை நிலங்களில் தண்ணீர் வடிய இடம் கிடையாது. மேலே பெய்ததும் அங்கேதான் வந்து நிற்கும்.

அந்தச் சி.ஆர்.1009 நெல்லுக்குள்ளும் சப்1 மரபணுவைச் சேர்த்து, "சி.ஆர்.1009 சப்1" என்ற ரகம் வந்திருக்கிறது. கட்டாக்கிலிருந்து வந்த பெண்ணுக்கு, ஒடிசாவிலிருந்தே சீதனமும் வந்து சேர்ந்த மாதிரி! மூழ்கும் நிலம் வைத்திருக்கும் சம்பா விவசாயிகள் கேட்டு வாங்க வேண்டிய விதை இது.

பையில் இருப்பது அதுதானா?

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

"இது வெள்ளத்துக்குத் தாங்கும் அண்ணே, எடுத்துக்கிட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொல்கிறார். விவசாயி பையைப் பிரித்து ஒரு கை நெல்லை அள்ளிப் பார்க்கிறார். திரட்சியாக இருக்கிறது. பளபளப்பாக இருக்கிறது. ஆனால் அந்த நெல்லுக்குள் சப்1ஏ இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. கடித்துப் பார்த்தாலும் தெரியாது.

ஸ்வர்ணா விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஸ்வர்ணாவின் உமி பொன் நிறம். ஸ்வர்ணா சப்1-இன் உமி வைக்கோல் நிறம். பார்த்தால் பிரித்துவிடலாம். எல்லா ரகத்துக்கும் இப்படி அடையாளம் அமைவதில்லை.

வயலில் விதையின் குணத்தைக் காட்டும் சோதனை வெள்ளம்தான். அப்போது தெரிந்து என்ன பயன்? நாலில் ஒரு பங்கு சாதா நெல் கலந்திருந்தால், வயலில் நாலில் ஒரு பங்கு அழுகும். அந்தக் கலப்படம் திருட்டுத்தனத்தினால்தான் வர வேண்டும் என்பதில்லை. களத்தில் வரும். அறுவடை இயந்திரத்தின் வயிற்றில் ஒட்டியிருந்த அடுத்த வயல் நெல்லால் வரும். போன பருவத்தில் உதிர்ந்த நெல் தானாக முளைத்தும் வரும். கோணிச் சாக்கின் மூலையில் கிடந்த ஒரு பிடியாலும் வரும்.

இதற்காகத்தான் விதைக்கு ஒரு பரம்பரை வைத்திருக்கிறார்கள். ரகத்தைக் கண்டுபிடித்தவர் கையில் இருப்பது கரு விதை. அதிலிருந்து வல்லுநர் விதை. அதிலிருந்து ஆதார விதை. அதிலிருந்து சான்று விதை. விவசாயிக்கு வருவது பெரும்பாலும் சான்று விதை. பாட்டி, தாய், மகள் என்று வரிசை தவறாமல் வர வேண்டும்.

ஒரு நெல் ஒரு பருவத்தில் நூறு மடங்குக்கு மேல் பெருகும். மூன்று பருவத்தில் பத்து லட்சம் மடங்கு! நல்லது பெருகுவது போலவே கலப்பும் பெருகும் என்பதால்தான் இவ்வளவு காவல்.

சான்று விதைக்காக நெல் வளர்க்கும் வயலைச் சுற்றி, அடுத்த நெல் வயலுக்கு 3 மீட்டர் இடைவெளி விட வேண்டும். பூக்கும் சமயத்திலும், அறுவடைக்கு முன்னும் விதைச் சான்று அலுவலர் வந்து பார்ப்பார். உயரம் மாறிய பயிர், பூ மாறிய பயிர் எல்லாம் கலவன். அவற்றை வேரோடு பிடுங்க வேண்டும். அறுத்த நெல்லைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். 100-க்கு 80 முளைக்க வேண்டும். கல், மண், தூசி நீக்கி எடையில் 98 பங்கு சுத்தமான நெல்லாக இருக்க வேண்டும். ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் அட்டை கிடைக்கும்.

அட்டையின் நிறம் பெயரைச் சொல்லும். வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள். ஆதார விதைக்கு வெள்ளை. சான்று விதைக்கு நீலம். படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துக் கேட்டு வாங்கலாம். பச்சை அட்டை என்றால், விற்பவர் தாமே சோதித்துத் தம் பொறுப்பில் எழுதி ஒட்டியது. அது தவறு அல்ல. ஆனால் வயலை ஆய்வு செய்து சர்க்கார் சான்று கொடுத்தது அல்ல என்று தெரிந்து வாங்க வேண்டும்.

அட்டையில் ரகத்தின் பெயரும், குவியல் எண்ணும், முளைப்புச் சதவீதமும், சோதித்த தேதியும் இருக்கும். சோதித்து ஒன்பது மாதம் வரைதான் சான்றுக்கு உயிர். "சப்1" என்ற எழுத்து இருக்கிறதா என்று வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லலாம். வெறும் "சி.ஆர்.1009" என்று இருந்தால் அது பழைய நெல். வெள்ளம் தாங்காது.

வீட்டு விதையும் முட்டையும்

நெல் தன் பூவிலேயே தானாகக் கருவுறும் பயிர். ஆகவே ஒரு தடவை சான்று விதை வாங்கினால், கலக்காமல் எடுத்து வைத்து அடுத்த பருவத்துக்கும் பயன்படுத்தலாம். இரண்டு, மூன்று பருவத்துக்குப் பின் புது விதை வாங்குவது நல்லது. ஏக்கருக்கு 12 கிலோ போதும் என்கிறபோது இது பெரிய செலவும் அல்ல.

விதை நெல்லைக் காப்பது அநேகமாக வீட்டுப் பெண்கள் கையில்தான் இருக்கிறது. வயலின் நடுவில் நல்ல பகுதியைத் தனியாக அறுத்து, தனியாக அடித்து, தனியாகக் காய வைக்க வேண்டும். இயந்திரம் தொடாமல் இருந்தால் உத்தமம். பழைய சாக்கை உதறி, உள்ளே வெளியே திருப்பிப் பார்த்துத்தான் கொட்ட வேண்டும். மண் தரையில் சாத்தாமல் பலகை மேல் வைக்க வேண்டும்.

விதைக்கும் முன் ஒரு சுலபமான சோதனை உண்டு. இதற்கு ஒரு கோழி முட்டை போதும். புது முட்டையாக இருக்க வேண்டும்.

வாளித் தண்ணீரில் முட்டையைப் போட்டால் அடியில் கிடக்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். முட்டை எழும்பி மிதந்து, அதன் மேல் பாகம் பழைய நாலணாக் காசு அளவு வெளியே தெரியும்போது நிறுத்திவிட வேண்டும். முட்டையை எடுத்துவிட்டு விதை நெல்லைக் கொட்டினால், பதரும் அரைகுறையாக முற்றியதும் மிதக்கும். அரித்துத் தள்ளலாம். அடியில் தங்கியதுதான் திடமான விதை. அதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலச வேண்டும். உப்பு ஒட்டியிருந்தால் முளை கெடும். சிலர் அவசரத்தில் இந்த அலசலை விட்டுவிட்டு, விதையைக் குறை சொல்வார்கள்!

முட்டை, விதையின் கனத்தைச் சொல்லும். அது சப்1-ஆ இல்லையா என்று சொல்லாது. அதற்கு நீல அட்டைதான் சாட்சி.

முளைப்பைப் பார்க்க, எண்ணி 100 நெல்லை ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைக்க வேண்டும். துணி காயாமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். ஒரு வாரத்தில் பிரித்து எண்ணிப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு. 80-க்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். குறைந்தால், வீட்டு நெல்லை அவித்து அரிசியாக்கிவிட்டு வேறு விதை தேட வேண்டும்.

கடையில் வாங்கிய விதையை அப்படிச் செய்யக் கூடாது. மருந்து தடவியிருப்பார்கள். அதைச் சமைக்கவும் கூடாது, கோழிக்குப் போடவும் கூடாது. வாங்கிய ரசீதையும், பையில் இருந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு கடைக்கோ வேளாண்மை அலுவலகத்துக்கோ போக வேண்டும். ஆகவே விதைத்த கையோடு பையைக் கிழித்து அட்டையை எறிந்துவிடாமல், அறுவடை முடியும் வரை ரசீதோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருப்பது அவசியம்.